சிறு நாடுகளில் பள்ளி செல்லாச் சிறுவர்கள்: எண்ணைப் பிரித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உலக வங்கியின் தரவுத்தளத்தில் 'பள்ளி செல்லாக் குழந்தைகள், தொடக்க நிலை, ஆண்' என்று ஒரு வரி இருக்கிறது. நாடுகளின் பட்டியலில் கீழே இறங்கிப் போனால் 'சிறு நாடுகள்' என்று ஒரு தொகுப்பு. இரண்டையும் தேர்ந்தெடுத்தால் ஆண்டுவாரியாக எண்கள் வந்து விழும். கட்டுரை எழுதுகிறவர்களும் தொண்டு நிறுவனங்களில் அறிக்கை தயாரிக்கிறவர்களும் பல நேரம் அந்த எண்ணை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதையும் எழுதக் கூடாது என்பதுதான் என் கருத்து. மலையில் ஆடு மேய்க்கும் பையன், மடத்தில் ஓதும் பையன், அடுத்த ஆண்டு எப்படியும் பள்ளியில் சேரப்போகும் பையன், எப்போதோ வெளிநாடு போய்விட்டும் கணக்கில் மட்டும் இருக்கும் பையன் எல்லாரும் அதில் ஒன்றாகக் கிடக்கிறார்கள். அவர்களைப் பிரித்தெடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், வகுத்தல், கொஞ்சம் சந்தேக புத்தி இருந்தால் போதும்.

படி 1: யார் இந்தச் 'சிறு நாடுகள்'?

மக்கள்தொகை 15 லட்சம் அல்லது அதற்குக் கீழே என்பது பொதுவான அளவுகோல். ஆனால் அதைத் தாண்டிய சில நாடுகளையும், அவற்றின் சிக்கல்கள் ஒரே மாதிரி இருப்பதால், உலக வங்கி இதே கூட்டத்தில் வைத்திருக்கிறது. ஜமைக்கா, நமீபியா, போட்ஸ்வானா, லெசோத்தோ எல்லாம் அப்படி வந்தவை. 'சிறு நாடுகள் மன்றம்' என்ற அமைப்பில் 50 நாடுகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலும் தரவுத் தொகுப்பின் பட்டியலும் ஒன்றேதான் என்று நீங்களாக நினைத்துக்கொண்டு எழுதிவிடாதீர்கள். தொகுப்பில் எந்தெந்த நாடுகள் என்பதை அதன் விவரக் குறிப்பில் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகுப்பு கரீபியன் சிறு நாடுகள், பசிபிக் தீவுச் சிறு நாடுகள், மற்ற சிறு நாடுகள் என்று மூன்று கூறாகவும் கிடைக்கும். எப்போதும் கூறுகளையே எடுங்கள். பசிபிக் தீவு நாடான துவாலுவில் சுமார் பத்தாயிரம் பேர், ஆப்பிரிக்காவின் நமீபியாவில் சுமார் 30 லட்சம் பேர். இரண்டையும் கூட்டினால் துவாலுவில் என்ன நடந்தாலும் கூட்டுத்தொகை அசையாது. காம்பியா, கினி-பிசாவ், லெசோத்தோ போன்ற ஏழெட்டு ஆப்பிரிக்க நாடுகளின் கதையைத்தான் 'சிறு நாடுகளின் கதை' என்று நாம் படித்துக்கொண்டிருப்போம். அதற்கு நேரடியாக அந்த நாடுகளையே பார்த்துவிடலாமே.

இன்னொன்று. எல்லா நாடும் எல்லா ஆண்டும் தகவல் தருவதில்லை. தொகுப்பு எண்ணில் விடுபட்ட நாடுகளுக்கு மதிப்பீடுகள் போட்டு நிரப்பப்பட்டிருக்கும். அந்த வரைகோடு வழவழவென்று இறங்குகிறதே என்று மகிழ்ந்துபோக வேண்டாம்.

படி 2: எண்ணிக்கையா, விகிதமா?

ஒரே விஷயத்துக்கு இரண்டு வரிகள் உண்டு. ஒன்று தலை எண்ணிக்கை, இன்னொன்று அந்த வயதுப் பையன்களில் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற விகிதம். மொத்தச் சுமையைச் சொல்ல, எத்தனை வகுப்பறை, எத்தனை ஆசிரியர் தேவை என்று கணக்குப் போட எண்ணிக்கை வேண்டும். நாடுகளை ஒப்பிடவோ பையன்களையும் பெண்பிள்ளைகளையும் ஒப்பிடவோ விகிதம்தான் வேண்டும்.

பையன்-பெண் ஒப்பீட்டில் பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். இயல்பாகவே நூறு பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கிறார்கள். 1,000 பெண்பிள்ளைகளும் 1,050 பையன்களும் உள்ள ஓர் ஊரில் இரு பக்கமும் பத்து விழுக்காடு வெளியே என்றால், பெண்பிள்ளைகள் 100 பேர், பையன்கள் 105 பேர். 'பள்ளி செல்லாதவர்களில் பையன்களே அதிகம்' என்று எழுதினால் பொய் இல்லைதான், ஆனால் அதில் செய்தியும் இல்லை.

படி 3: இலக்கணத்தை (வரையறையை) ஒரு தடவையாவது படியுங்கள்

இந்த எண்கள் உலக வங்கி தானாக எடுத்தவை அல்ல. கனடாவின் மாண்ட்ரியலில் இருக்கும் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம், நாடுகளின் கல்வி அமைச்சகங்களிடம் வாங்கித் தொகுத்துத் தருபவை. தொடக்கப் பள்ளி வயதில் இருந்துகொண்டு, தொடக்கப் பள்ளியிலோ உயர் வகுப்பிலோ சேராதவர்கள் என்பதுதான் இலக்கணம்.

'தொடக்கப் பள்ளி வயது' நாட்டுக்கு நாடு வேறு. லெசோத்தோவில் ஆறு வயதில் தொடங்கி ஏழு வகுப்புகள். பூட்டானிலும் முன்தொடக்க வகுப்பையும் சேர்த்து ஏழு ஆண்டுகள். வேறு நாடுகளில் ஐந்தோ ஆறோ. ஆண்டு கூடக் கூட, பெரிய பையன்களும் கணக்குக்குள் வருவார்கள். வேலைக்கு இழுக்கப்படும் வயது அதுதான் என்பதால் விகிதமும் கூடும்.

ஏழு வயதுப் பையன் இன்னும் மழலையர் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அவன் உள்ளேயா வெளியேயா? மேலே சொன்ன இலக்கணப்படி வெளியே. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் உள்ள பள்ளி செல்லாதோர் விகிதத்தின் இலக்கணப்படி உள்ளே. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இரண்டு அட்டவணைகள் ஒரே நாட்டுக்கு வேறு வேறு விடை தருவதற்கு இது ஒரு காரணம். எதை எடுத்தாலும் சரி, பாதியில் மாற்றாதீர்கள்.

பள்ளி வயதைத் தாண்டியவர்களும் இதில் கிடையாது. நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதினான்கு வயதுப் பையனை இந்த வரி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இதன் விளைவை லெசோத்தோவில் பார்ப்போம்.

படி 4: வகுக்கும் எண்ணைச் சோதியுங்கள்

கணக்கு எளிது. நாட்டில் இந்த வயதில் எத்தனை பையன்கள் என்ற மதிப்பீட்டிலிருந்து, பள்ளியில் சேர்ந்தவர்களைக் கழிக்கிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் 'பள்ளி செல்லாதவர்கள்'. விகிதம் வேண்டுமென்றால் அந்த மிச்சத்தை அதே மதிப்பீட்டால் வகுக்கிறார்கள்; வகுக்கும் எண் என்று நான் சொல்வது அந்த மதிப்பீட்டைத்தான். யாரும் தெருத் தெருவாகப் போய் எண்ணிப் பார்த்தது இல்லை. சேர்க்கைக் கணக்கு அமைச்சகத்திலிருந்து வருகிறது. மக்கள்தொகை மதிப்பீடு பெரும்பாலும் ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவிலிருந்து வருகிறது. வெவ்வேறு இடத்தில் செய்த இரண்டு எண்களின் வித்தியாசம் அது, அவ்வளவுதான்.

பெரிய நாட்டில் சின்னப் பிழை அமுங்கிவிடும். சிறிய நாட்டில் அமுங்காது. ஒரு கற்பனைத் தீவை எடுத்துக்கொள்வோம். தொடக்கப் பள்ளி வயதுப் பையன்கள் 800 பேர் என்று மதிப்பீடு. பள்ளிப் பதிவேட்டில் 764 பேர். வித்தியாசம் 36, அதாவது 4.5 விழுக்காடு. இப்போது அந்த 800 பேரில் 20 பேர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார்கள், மதிப்பீடு அதை இன்னும் கவனிக்கவில்லை என்று வையுங்கள். உண்மையில் 780 பேர்தான், வெளியே இருப்பவர்கள் 16 பேர். விகிதம் சுமார் 2 விழுக்காடு. ஒரு வகுப்பறைக் கூட்டம் இடம்பெயர்ந்ததில் பிரச்சினை பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது.

இது வெறும் வீட்டுப்பாடக் கணக்கு அல்ல. ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023-இல் கையெழுத்திட்டு 2024-இல் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் வரை ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். மொத்தமே சுமார் பத்தாயிரம் பேர் உள்ள நாட்டில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள். வரும் ஆண்டுகளில் துவாலுவின் பள்ளிக் கணக்கில் ஏற்ற இறக்கம் தெரிந்தால், கல்வியமைச்சரைக் கேட்கும் முன் விமானப் பயணிகள் கணக்கைக் கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் தப்பு நடக்கும். மதிப்பீடு குறைவாக இருந்தால் சேர்க்கை நூறு விழுக்காட்டைத் தாண்டும். வெளியே யாருமே இல்லை என்று அட்டவணை சொல்லும். அதை நம்பிப் பாராட்டு எழுதிவிட வேண்டாம்.

இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை: அந்த நாட்டின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எந்த ஆண்டு நடந்தது என்று தேடுங்கள். லெசோத்தோவில் 2016, பூட்டானில் 2017. நீங்கள் பார்க்கும் ஆண்டு அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு வகுக்கும் எண்ணைச் சந்தேகப்படுங்கள். அப்புறம், விகிதத்தைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள்.

படி 5: வீடு வீடாக எடுத்த ஆய்வோடு ஒப்பிடுங்கள்

யுனிசெப்பின் பல்குறியீட்டுக் கொத்து ஆய்வு, மக்கள்தொகை மற்றும் நலவாழ்வு ஆய்வு என்று இரண்டு பெரிய ஆய்வுகள் உண்டு. மிக்ஸ், டிஎச்எஸ் என்பார்கள். இவற்றில் கேள்வியாளர் வீட்டுக்கே வந்து, இந்தப் பிள்ளை எப்போதாவது பள்ளிக்குப் போயிருக்கிறதா, இந்தக் கல்வியாண்டில் போனதா என்று கேட்பார். லெசோத்தோவுக்கு 2014-லும் 2018-லும் இப்படிப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன.

பதிவேடு சொல்வது பெயர் சேர்ந்ததை. ஆய்வு சொல்வது ஆள் போனதை. ஜனவரியில் பெயர் கொடுத்துவிட்டுப் பிப்ரவரியில் மேய்ச்சலுக்குப் போய்விட்ட பையன் பதிவேட்டில் மாணவன்தான். இரண்டு விடையும் பொருந்தவில்லை என்றால் ஒன்றைத் தூக்கி எறியாதீர்கள். அந்த இடைவெளிதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

ஆய்விலும் ஓட்டை உண்டு. கேள்வியாளர் வரும் அன்று மாதக்கணக்காக மலையில் இருக்கும் பையனின் பெயரை வீட்டார் சொல்வார்களா? வேறொருவர் வீட்டில் கூலிக்கு மேய்க்கும் பையனை எந்த வீட்டுக் கணக்கில் எழுதுவது? நாம் யாரைத் தேடுகிறோமோ அவனே விடுபட வாய்ப்பு அதிகம். ஐ.நா. தரப்பிலேயே இப்போது பதிவேடு, ஆய்வு, கணக்கெடுப்பு மூன்றையும் சேர்த்து ஒரு கணித மாதிரி வழியாக மதிப்பிட்டு, 'வியூ' என்ற தளத்தில் தருகிறார்கள். இந்த மூன்றாவது கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 6: வயது வாரியாக உடையுங்கள்

யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் பள்ளி செல்லாதவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்துவிட்டு இடைநின்றவர்கள், தாமதமாகவாவது சேரப்போகிறவர்கள், ஒருபோதும் சேர வாய்ப்பில்லாதவர்கள். மூன்று பேருக்கும் மருந்து வேறு வேறு.

ஆய்வுத் தரவில் ஒவ்வொரு வயதுக்கும் தனியாக விகிதம் எடுத்து, ஒரு தாளில் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள். ஆறு வயதில் உயரமாகத் தொடங்கி எட்டில் தரை தட்டினால், பிள்ளையைத் தாமதமாகச் சேர்க்கும் பழக்கம் என்று பொருள். பள்ளி தூரமாக இருக்கும், நடுவே ஆறு இருக்கும், சின்னக் கால்கள் நடக்காது. எல்லா வயதிலும் ஒரே உயரத்தில் படுத்துக் கிடந்தால், ஒரு குறிப்பிட்ட கூட்டம் பள்ளியைத் தொடவே இல்லை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள், நாடோடிச் சமூகங்கள், ஆவணம் இல்லாத குடியேறிகள் என்று அங்கே தேட வேண்டும். எட்டு, ஒன்பது வரை தாழ்ந்திருந்து பத்துக்கு மேல் ஏறினால், யாரோ அந்தப் பையனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெண்பிள்ளைகளின் கோட்டையும் அதே தாளில் வரையுங்கள். பத்துக்கு மேல் பையன்களின் கோடு மட்டும் பிரிந்து ஏறுகிறதென்றால் அடுத்த படி உங்களுக்கானது.

படி 7: பையன்களுக்கே உரிய காரணத்தைத் தேடுங்கள். லெசோத்தோவை முன்வைத்து

படிக்காத பையனைப் பார்த்து 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று திட்டுவது நம் பள்ளிகளில் பழகிப்போன வசவு. லெசோத்தோவில் பையனுக்கு அது வேலை, குடும்பத்துக்கு அது முதலீடு.

நாட்டைச் சுற்றி நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா. முழு நிலப்பரப்பும் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஒரே நாடு. மொக்கோட்லாங், தாபா-செக்கா போன்ற மலை மாவட்டங்களில் விவசாயம் குறைவு. ஆடு, செம்மறி, மாடுதான் சொத்து. அங்கோரா ஆட்டின் மோஹேர் ரோமத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்து பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்று லெசோத்தோ. பெண்ணுக்குத் தர வேண்டிய பரியத்தையும் அங்கே கால்நடையாகத்தான் எண்ணுவார்கள். கால்நடைத் திருட்டு அதிகம் என்பதால் மந்தையை ஒரு நாள்கூடக் காவல் இல்லாமல் விட முடியாது. விட்டால் போச்சு.

காவலுக்கு நிற்பவர்கள் 'பலிசானா' எனப்படும் மேய்ப்பர் பையன்கள். தோளைச் சுற்றிக் கம்பளி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் தடி, கூடவே இரண்டு நாய். கோடையில் மந்தையை உயரமான மேய்ச்சல் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். 'மொட்டெபோ' என்பது அதன் பெயர். கல்லால் சுவர், மேலே புல் கூரை, உள்ளே மக்காச்சோளக் களி கிண்ட ஒரு சட்டி. குளிர்காலம் வந்து பனி விழத் தொடங்கியதும் கீழே இறங்குவார்கள். தெற்கு அரைக்கோளத்தில் கோடை என்பது டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. பள்ளி ஆண்டு தொடங்குவது ஜனவரியில். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பையன் மலையுச்சியில் இருப்பான். மேய்ச்சலின் நாள்காட்டியும் பள்ளியின் நாள்காட்டியும் ஒன்றோடொன்று மோதுகிற இந்த இடத்தை எந்த அட்டவணையும் காட்டாது.

வறிய வீட்டுப் பையன் வேறொருவர் மந்தையை மேய்க்கப் போவான். ஆண்டுக் கூலி சில ஆடுகளாகவோ ஒரு மாடாகவோ கிடைக்கும் வழக்கம் உண்டு. வீட்டின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போய்விட்டதால் மேய்ச்சல் பையன்கள் தலையில் விழுந்தது. 1990-களில் சுரங்கங்கள் ஆட்குறைப்பு செய்தபோது ஆண்கள் திரும்பினார்கள், சம்பளப் பணம் நின்றது. அதன் மேல் எச்ஐவி. வயது வந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள நாட்டில், பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளரும் பையன்கள் ஏராளம். பாட்டிக்கு ஆடும் வேண்டும், ஆடு மேய்க்க ஆளும் வேண்டும்.

இதனால்தான் லெசோத்தோவில் பெண்கள் ஆண்களைவிட அதிகம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். 'பெண்பிள்ளைகள்தான் பின்தங்குவார்கள்' என்ற பொது எண்ணத்தோடு இந்த நாட்டுக்குள் நுழைந்தால் தடுக்கி விழுவீர்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2000-இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. 2006-இல் ஏழாம் வகுப்பு வரை முடிந்தது. 2010 கல்விச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் கட்டணம் போனாலும் மந்தை போகவில்லையே. பையன் பள்ளிக்குப் போனால் அவன் இடத்தில் மேய்க்க ஓர் ஆளை வைக்க வேண்டும், அது குடும்பத்துக்குச் செலவு. பள்ளி இலவசம் என்ற அறிவிப்பு அந்தச் செலவைத் தொடவே இல்லை.

மாலையில் மந்தையைப் பட்டியில் அடைத்த பிறகு நடக்கும் வகுப்புகள் இந்தச் சிக்கலை நேரடியாகப் பிடிக்கின்றன. லெசோத்தோ தொலைநிலைக் கற்பித்தல் மையம் போன்ற அமைப்புகள் மேய்ப்பர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கின்றன. எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் முறைசாரா வகுப்பில் உட்காரும் பையன் சேர்க்கைக் கணக்கில் வரவில்லை என்றால், படித்துக்கொண்டே 'பள்ளி செல்லாதவன்' ஆக நீடிப்பான்.

2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடும் யுனிசெப் துணையோடும் குழந்தை உதவித்தொகைத் திட்டம் ஒன்று தொடங்கியது. அதன் மதிப்பீட்டில் தெரிந்த முக்கியப் பலன், 13 முதல் 17 வயது வரையிலானவர்கள், குறிப்பாகத் தாமதமாகப் படிக்கும் பையன்கள், தொடக்கப் பள்ளியைவிட்டு நிற்காமல் தொடர்ந்தது. இப்போது படி 3-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தொடக்கப் பள்ளி வயது அங்கே பன்னிரண்டோடு முடிகிறது. ஆக, அந்த வெற்றி முழுக்க நாம் பார்க்கும் வரிக்கு வெளியே நடந்தது. வரியை மட்டும் பார்த்தவர் 'பணம் கொடுத்தும் பயனில்லை' என்று எழுதியிருப்பார்.

வேறு நாடுகளில் வேறு காரணம். போட்ஸ்வானாவிலும் மேய்ச்சல் பட்டி உண்டு. ஜிபூட்டியில் நாடோடி வாழ்க்கை. ஈக்குவடோரியல் கினியில் எண்ணெய்ப் பணம் கொழித்தும் பள்ளிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் அதிகம், அது அரசியல். பசிபிக்கில் புயல்: 2015-இல் 'பாம்', 2020-இல் 'ஹரோல்ட்' என்ற புயல்களில் வனுவாட்டுவில் பள்ளிக் கட்டடங்களே போயின.

படி 8: வேறு பள்ளியில் படிக்கிறானா என்று பாருங்கள்

சில பையன்கள் 'வெளியே' என்று எண்ணப்படுவது, அமைச்சகம் எண்ணாத இடத்தில் படிப்பதால். பூட்டானில் சிறு வயதிலேயே பையன்களை மடத்தில் சேர்க்கும் மரபு உண்டு. மடங்கள் சுங் திராட்சாங் என்ற மத்தியத் துறவிகள் அமைப்பின் கீழ் வருகின்றன, கல்வி அமைச்சகத்தின் கீழ் அல்ல. சிறிய நாடு என்பதால் மடத்துப் பையன்களைச் சேர்த்தால் ஒரு விகிதம், விட்டால் ஒரு விகிதம். அறிக்கையில் எது என்று பார்த்தே எழுதுங்கள்.

காம்பியாவில் அரசுப் பாடத்திட்டத்தை ஏற்ற மதரசாக்கள் சேர்க்கைக் கணக்கில் வரும். மனப்பாடமாகக் குர்ஆன் மட்டும் கற்பிக்கும் மஜ்லிஸ்கள் வராது. அங்கே எழுத்தும் கணக்கும் சேர்த்துக் கற்பிக்க அரசு உதவித்தொகை கொடுத்துப் பார்த்திருக்கிறது. கினி-பிசாவிலிருந்து குர்ஆன் படிக்கவென்று செனகலுக்கு அனுப்பப்படும் 'தாலிபே' பையன்களில் பலர் அங்கே தெருவில் பிச்சை எடுக்கவைக்கப்படுகிறார்கள். பையன் எல்லையைத் தாண்டிவிட்டதால் இரண்டு நாட்டுக் கணக்கிலும் அவன் சரியாக விழுவதில்லை. மடத்துப் பையனையும் தாலிபேயையும் 'மதக் கல்வி' என்ற ஒரே பெட்டியில் போடுவது அநியாயம். ஒருவனுக்கு வேளைக்குச் சோறும் தங்க இடமும் இருக்கிறது. இன்னொருவன் தகரக் குவளையோடு செனகல் தலைநகர் டக்காரில் போக்குவரத்து விளக்கின் கீழ் நிற்கிறான்.

படி 9: எழுதும்போது

நாட்டின் பெயர், ஆண்டு, எண்ணிக்கை, விகிதம், எந்த வயது, பதிவேடா ஆய்வா என்ற ஆறும் ஒரே வாக்கியத்திலோ அடுத்தடுத்த வாக்கியத்திலோ வர வேண்டும். ஒரு நாட்டின் 2014-ஐ இன்னொரு நாட்டின் 2021-ஓடு ஒப்பிடாதீர்கள். அட்டவணையில் 'கடைசியாகக் கிடைத்த மதிப்பு' என்ற வசதி இருக்கிறதே, அது இந்தத் தப்பைச் சத்தமில்லாமல் செய்துவைக்கும். காலியான கட்டத்தைக் காலி என்றே எழுதுங்கள். அது பூஜ்யம் அல்ல.

'பள்ளி செல்லாச் சிறுவர்கள் 8 விழுக்காடு குறைந்தனர்' போன்ற வாக்கியத்தை எழுதும் முன், நூற்றுக்கு எட்டு புள்ளி குறைந்ததா, முன்பிருந்ததில் எட்டு விழுக்காடு குறைந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய நாடென்றால் தலை எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள். '16 பையன்கள்' என்று எழுதினால், அந்தப் பதினாறு பேர் யார் என்று ஆசிரியர் தேடிப் போக முடியும்.

கடைசியாக, தரவைப் பதிவிறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவையுங்கள். ஐ.நா. தன் மக்கள்தொகை மதிப்பீட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும். 2022-இல் ஒரு பதிப்பு, 2024-இல் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுகளின் எண்களும் மாறும். நீங்கள் இன்று எடுக்கும் 2015-க்கான எண்ணும் உங்கள் நண்பர் அடுத்த ஆண்டு எடுக்கும் 2015-க்கான எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், சண்டை போடும் முன் இருவரும் கோப்பின் தேதியைப் பாருங்கள்.